தென்னாப்பிரிக்காவில் மூன்று பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்: புதிதாக வருகிறவர்களுக்கு

நாங்கள் 2012இல் ஜொஹானஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டுக்குக் குடிவந்தபோது மூத்தவளுக்கு ஆறு வயது, இரண்டாமவனுக்கு மூன்று. மூன்றாவது பிறகுதான் பிறந்தாள். பள்ளி பார்க்கப் போன இடத்திலெல்லாம் நானும் மனைவியும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம்: "மாதம் எவ்வளவு?" சொன்ன தொகை சம்பளத்துக்குள் அடங்கியது, சேர்த்துவிட்டோம். ஆறே ஆண்டில் அந்தப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை வெளியே எடுக்க வேண்டி வந்தது. மூத்தவள் தோழிகளைப் பிரிந்து அழுத அழுகை இன்னும் எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை. நல்ல வேலையில் இருந்தும் இப்படி ஆனது கணக்கைத் தப்பாகப் போட்டதால்தான். ஜொஹானஸ்பர்க்கின் சன்னிங்ஹில்லிலும் ஃபோர்வேஸிலும் டர்பன் பக்கத்து உம்ஷ்லாங்காவிலும் புதிதாக வந்து இறங்கும் நம் குடும்பங்கள் அதே கேள்வியோடுதான் பள்ளிப் படியேறுகின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளும் பென்சிலும்

எந்தப் பள்ளிக்கும் போகும் முன் இதைச் செய்யுங்கள். தாளில் மேலிருந்து கீழாக ஆண்டுகளை எழுதுங்கள், கடைக்குட்டி மெட்ரிக் (இங்கே கிரேடு 12) முடிக்கும் ஆண்டு வரை. பக்கத்தில் பிள்ளைக்கு ஒரு பத்தி போட்டு, அந்தந்த ஆண்டில் யார் எந்த கிரேடு என்று நிரப்புங்கள். இங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஜூன் 30க்குள் ஆறு வயது நிரம்பும் பிள்ளை அந்த ஆண்டு ஜனவரியிலேயே கிரேடு 1 சேரலாம். அதற்கு முந்தைய கிரேடு ஆர் வகுப்பைப் பேலா என்ற அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியிருக்கிறது. 2024 செப்டம்பரில் கையெழுத்தான சட்டம் அது. ஆகவே கணக்கு கிரேடு ஆரிலிருந்து தொடங்கட்டும். ஊரில் ஜூனில் வகுப்பு தொடங்கிய பிள்ளை இங்கே நடு ஆண்டில் வந்தால் அரை வகுப்பு முன்னே போவதா பின்னே வருவதா என்று பள்ளி கேட்கும். பின்னே போனால் ஓர் ஆண்டுக் கட்டணம் கூடுகிறது என்பதையும் தாளில் குறியுங்கள்.

இப்போது தொகையை ஏற்றுங்கள். ஓர் உதாரணம் போடுகிறேன். 2026இல் பிள்ளைகள் கிரேடு 8, 5, 2. பள்ளியில் தொடக்க நிலைக்கு ஆண்டுக்கு 80,000 ரேண்ட், கிரேடு 8 முதல் 1,20,000 ரேண்ட் என்று வையுங்கள். முதல் ஆண்டு மொத்தம் 2,80,000. 2029இல் நடுப்பிள்ளை உயர்நிலைக்கு ஏறுகிறான், விலையேற்றம் இல்லாமலே மொத்தம் 3,20,000 ஆகிவிடுகிறது. பள்ளி ஆண்டுக்கு 7 சதவீதம் ஏற்றினால் 2030இல் அது கிட்டத்தட்ட 4,19,000. நான்கே ஆண்டில் பாதிக்குப் பாதி கூடிவிட்டது. அதே காலத்தில் உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியிருந்தால் மொத்த ஏற்றம் 21, 22 சதவீதம்தான். எங்களைச் சாய்த்தது இந்த இடைவெளிதான்.

2030 கடைசியில் மூத்த பிள்ளை பள்ளியை முடித்ததும் பாரம் குறையும் என்று தோன்றும். குறையாது. அடுத்த ஆண்டே பல்கலைக்கழகம் தொடங்குகிறது. நிரந்தர வசிப்புரிமை கிடைக்காதவர்களிடம் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தையும் சேர்த்து வாங்குகின்றன. தாளில் எந்த ஆண்டின் தொகை மிகப் பெரியதோ அதற்கு வட்டமிடுங்கள். அந்த வட்டத்தைத் தாங்குகிற பள்ளிதான் உங்கள் பள்ளி. முதல் ஆண்டுக் கட்டணத்தைத் தாங்குவது போதாது.

கட்டணத் தாளில் இல்லாதவை

விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது. சேர்க்கைக் கட்டணம் என்று ஒரு பெரிய தொகை உண்டு. முன்பணமும் சில இடங்களில் உண்டு. இவை மூன்றும் ஒரு பிள்ளைக்கா, ஒரு குடும்பத்துக்கா என்று கேளுங்கள். குடும்பத்துக்கு ஒரே முறை வாங்கும் பள்ளிகள் இருக்கின்றன, கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை.

பிளேசர், விளையாட்டுச் சீருடை, டேப்லெட், பாடப்புத்தகம், கேம்ப், ஆஃப்டர்கேர் (பள்ளி முடிந்தபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது). இவற்றில் ஆஃப்டர்கேர் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் கிரேடு 2 பிள்ளை மதியமே பள்ளி முடிந்து வந்துவிடும். ஆஃப்டர்கேர் பள்ளிக்குள்ளேயே இருந்தால் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று மடங்கு. எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை மதியங்களுக்கு ஏற்பாடு செய்தோம். பாதிக்கும் குறைவாக முடிந்தது, பிள்ளைகளுக்கு ஆஃப்ரிகான்ஸும் வந்தது. அந்த மொழிப் பாடத்துக்கு டியூஷன் செலவு தனியாக வரும் என்பதை முன்பே எதிர்பாருங்கள். முதல் கூடுதல் மொழியாக ஆஃப்ரிகான்ஸோ இசிஜுலுவோ எடுக்க வேண்டியிருக்கும். கிரேடு 7 அல்லது அதற்கு மேல் வந்து சேரும் பிள்ளைக்குக் குடிபெயர்ந்த மாணவர் என்ற சலுகை உண்டு, அதைப் பள்ளியில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சீருடைக்கு முதலில் பள்ளியின் பழைய துணிக் கடைக்குப் போங்கள். பெற்றோர் சங்கம் நடத்தும் அந்தக் கடையில் ஒரு தவணை (டெர்ம் என்ற பள்ளிப் பருவம்) மட்டும் போட்ட பிளேசர் கிடைக்கும். இங்கே பழைய துணி வாங்குவதில் யாருக்கும் கூச்சம் கிடையாது, மேலாளர் வீட்டுப் பிள்ளையும் அதைத்தான் போடும். பள்ளி எல்லாவற்றையும் ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் பல ஆண்டுகளாகக் கண்டித்துவருகிறது.

போக்குவரத்துக்கு லிஃப்ட் கிளப்பில் (பெற்றோர் முறை வைத்துக் காரில் கூட்டிப் போவது) சேருங்கள். அல்லது பள்ளி வேன். வேன் ஓட்டுபவரைப் பிள்ளைகள் "மலூமே" என்று கூப்பிடுவார்கள். இசிஜுலுவில் அதற்குத் தாய்மாமன் என்று பொருள். என் கடைசிப் பெண்ணுக்கு ஊரில் இருக்கும் மாமாவைவிட அந்த மலூமேயைத்தான் அதிகம் தெரியும்.

பள்ளியில் உட்கார்ந்து கேட்க வேண்டியவை

பதிவு எண்ணைக் கேளுங்கள். தனியார் பள்ளி மாகாணக் கல்வித் துறையில் பதிந்திருக்க வேண்டும், கல்வித் தரத்தைச் சோதிக்கும் உமலூசி அமைப்பின் அங்கீகாரம் இருக்க வேண்டும். தயங்கும் இடத்தில் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுங்கள். மெட்ரிக் தேர்வு அரசுத் தேர்வா, ஐ.இ.பி. என்ற தனியார் தேர்வு வாரியத்தினுடையதா, கேம்பிரிட்ஜா என்பதும் காசு சம்பந்தப்பட்ட கேள்விதான். தேர்வுக் கட்டணம் பள்ளிக் கட்டணத்தில் அடக்கமா என்று கேளுங்கள்.

அடுத்தது உடன்பிறந்தோர் தள்ளுபடி. "உண்டா" என்று மட்டும் கேட்டால் "உண்டு" என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். எந்தப் பிள்ளையிலிருந்து, எதன் மேல் என்று கேளுங்கள். பாடக் கட்டணத்தின் மேல் மட்டுமா, ஆஃப்டர்கேருக்கும் உண்டா? மூத்த பிள்ளை படித்து வெளியேறியதும் மூன்றாவது பிள்ளை இரண்டாவதாகி அதன் தள்ளுபடி சுருங்குமா? எங்களுக்கு அப்படிச் சுருங்கும் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கட்டணத்தைப் பேசும் அதிகாரம் வரவேற்பில் இருப்பவருக்குக் கிடையாது, பர்ஸர் என்ற கணக்கு அலுவலருக்குத்தான். அவரிடம் நேரம் வாங்கி, மூன்று பிள்ளைகளின் பெயரும் சேரும் ஆண்டும் எழுதிய தாளோடு போங்கள். அடுத்த பத்து ஆண்டுக்கு மூன்று இருக்கைகள் நிரம்பும் என்பது பள்ளிக்கும் பெரிய விஷயம், அந்த மதிப்போடு பேசுங்கள்.

விலகல் அறிவிப்பு. இதில்தான் நாங்கள் அடிபட்டோம். ஒரு முழுத் தவணைக்கு முன்பே எழுத்தில் சொல்லாவிட்டால் ஒரு தவணைக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை தனியார் பள்ளிகளில் சாதாரணம். அரசுப் பள்ளிகளில் ஆண்டுக்கு நான்கு தவணை, பல தனியார் பள்ளிகளில் மூன்றே தவணை. அப்படியென்றால் ஒரு தவணை என்பது ஆண்டுக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு. மேலே போட்ட உதாரணத்தில் மூன்று பிள்ளைகளையும் ஒன்றாக எடுத்தால் 93,000 ரேண்டுக்கு மேல். எங்களுக்கு அலுவலக மேசையில் வாய்மொழியாக "பரவாயில்லை" என்றார்கள், பிறகு வக்கீல் கடிதம் வந்தது. மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டோம் என்று பதில் வாங்கும் வரை அறிவிப்பு கொடுத்ததாக நினைக்காதீர்கள்.

பிள்ளைகளை இரண்டு பள்ளிகளில் பிரித்துப் போடுகிறவர்கள் விடுமுறை நாட்காட்டிகளையும் ஒப்பிட வேண்டும். மூன்று தவணைப் பள்ளியும் நான்கு தவணைப் பள்ளியும் வெவ்வேறு வாரங்களில் மூடும். ஒருவன் வீட்டில் இருக்கும்போது மற்றவள் பள்ளியில். பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டும், குடும்பம் சேர்ந்து ஊருக்குப் போக மிஞ்சுவது டிசம்பர் மட்டும், அப்போது விமானக் கட்டணம் உச்சத்தில்.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பிள்ளையின் படிப்பு விசா ஒரு குறிப்பிட்ட பள்ளிக்கென்று கொடுக்கப்படுவது. பள்ளி மாற்றினால் விசாவையும் மாற்ற வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை அந்தச் செலவும் அலைச்சலும் உண்டு. நிரந்தர வசிப்புரிமை வரும்வரை கிரேடு ஆர் முதல் 12 வரை ஒரே வளாகத்தில் இருக்கும் பள்ளிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நியாயம்தான்.

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

ஊரில் இருக்கும்போதே நிறுவனத்திடம் கல்விப்படி கேளுங்கள். இங்கே வந்து சேர்ந்த பிறகு கேட்டால் பலிப்பது அரிது. நிறுவனம் பள்ளிக்கு நேராகக் கட்டினாலும் அது உங்கள் வருமானமாகக் கணக்காகி வரி பிடிக்கப்படும். ஆகவே வரி போகக் கையில் என்ன நிற்கும் என்பதை வைத்துப் பேசுங்கள். ஒரு விலக்கு உண்டு. நிறுவனம் ஊழியரின் பிள்ளைக்கு உண்மையான கல்வி உதவித்தொகையாகக் கொடுத்தால், ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 6,00,000 ரேண்டுக்கு மேற்படாதபோது, பள்ளிப் படிப்புக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 ரேண்ட் வரை வரியில்லை. 2017 மார்ச்சில் வைத்த வரம்பு இது. மூன்று பிள்ளைக்கு 60,000. சம்பளத்தைக் குறைத்து அதையே உதவித்தொகை என்று பெயர் மாற்றிக் கொடுப்பது செல்லாது. இந்தத் திட்டம் இருக்கிறதா என்று மனிதவளத் துறையிடம் கேளுங்கள், பலருக்கு இருப்பதே தெரியாது. இது தவிரப் பள்ளிக் கட்டணத்துக்கு வருமான வரியில் பொதுவாகக் கழிவு எதுவும் இந்த நாட்டில் இல்லை. ஊரில் 80சி பிரிவின் வரிக் கழிவு பழகியவர்கள் அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

பணத்தை எப்படிக் கட்டுவது

ஆண்டுக் கட்டணத்தை ஜனவரியில் மொத்தமாகக் கட்டினால் பல பள்ளிகள் தள்ளுபடி தருகின்றன. 5 சதவீதம் என்று வைத்தால் 2,80,000க்கு 14,000 மிச்சம், கட்டுவது 2,66,000. அதே பணத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டு மாதாமாதம் எடுத்துக் கட்டினால் ஆண்டு முழுக்க வரும் வட்டி சுமார் எட்டரை ஆயிரம்தான். கையில் பணம் இருந்தால் மொத்தமாகக் கட்டுவதே லாபம். ஆனால் அந்தத் தள்ளுபடிக்காக 18 சதவீதத் தனிநபர் கடன் வாங்கி ஓராண்டில் அடைத்தால் வட்டி மட்டும் 26,600 அளவுக்குப் போய்விடும். கடன் வாங்கி முன்கட்டணம் வேண்டாம். முன்கூட்டிக் கட்டுகிறவர்கள், நடு ஆண்டில் வேலை மாறி ஊர் மாறினால் மீதி திரும்ப வருமா என்று எழுதி வாங்குங்கள்.

வந்த புதிதில் உங்களுக்கு இங்கே கடன் வரலாறு கிடையாது. பள்ளி, கடன் தகவல் நிறுவனத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கும், ஒன்றும் கிடைக்காது, அதனால் அதிக முன்பணம் கேட்கும். எங்களிடம் முழு ஆண்டுக் கட்டணமும் கேட்டார்கள். நிறுவனத்திடமிருந்து சம்பள உறுதிக் கடிதமும் ஊரில் உள்ள வங்கியின் ஆறு மாத அறிக்கையும் காட்டி அதை ஒரு தவணையாகக் குறைத்தோம்.

வீடு வாங்கியவர்களுக்கு அக்சஸ் பாண்ட் (கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கக்கூடிய வீட்டுக் கடன்) நல்ல உண்டியல். போனஸ் வந்ததும் வீட்டுக் கடன் கணக்கில் போட்டு வையுங்கள், கடன் வட்டி அந்த அளவுக்குக் குறையும், ஜனவரியில் எடுத்துப் பள்ளிக்குக் கட்டலாம். வீடு இல்லாதவர்களுக்கு 32 நாள் அறிவிப்பு வைப்பு போதும். டிசம்பர் தொடக்கத்தில் அறிவிப்பு கொடுக்க மறக்கக் கூடாது. வரியில்லாச் சேமிப்புக் கணக்கைப் பள்ளிக் கட்டணத்துக்காகத் தொடாதீர்கள். ஒருவர் ஆயுள் முழுக்கப் போடக்கூடியது 5,00,000 ரேண்ட்தான், எடுத்த பணத்துக்குப் பதிலாகத் திரும்பப் போட இடம் கிடைக்காது. அது நீண்டகாலத்துக்கான பணம்.

இங்குள்ளவர்கள் ஜனவரியை "ஜனு-வொரி" என்கிறார்கள். டிசம்பர்ச் சம்பளம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்து செலவாகிவிடும், அடுத்த சம்பளம் ஜனவரி கடைசியில், நடுவில் பள்ளி திறக்கும். அதற்காகவே ஸ்டாக்வெல் என்ற சேமிப்புக் குழுக்கள் இருக்கின்றன. நம் சீட்டு மாதிரியேதான், ஏலம் மட்டும் கிடையாது. எங்கள் குழுவில் பத்துப் பேர், டிசம்பரில் பிரித்துக்கொள்வோம், சீருடையும் புத்தகமும் அதில் முடியும். முகம் தெரிந்தவர்களோடு மட்டும் சேருங்கள். கல்விக் கட்டணத்தையே அதில் நம்பி வைக்காதீர்கள்.

அரசுப் பள்ளியைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்

ஊரின் நினைப்பில் "அரசுப் பள்ளி" என்று கேட்டதும் நம்மவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இங்கே அரசுப் பள்ளிகளை, பகுதியின் ஏழ்மையைப் பொறுத்து, கீழிருந்து மேலாக ஐந்து படியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மூன்று படிகளில் கட்டணமே இல்லை. மேல் இரண்டு படிகளில் பெற்றோரே ஆண்டுக் கூட்டத்தில் வாக்களித்துக் கட்டணம் வைக்கிறார்கள், அந்தப் பணத்தில் கூடுதல் ஆசிரியர்களை நியமிக்கிறார்கள். அவற்றில் பல பள்ளிகளின் மெட்ரிக் முடிவுகள் விலையுயர்ந்த தனியார் பள்ளிகளுக்கு ஈடானவை. கட்டணமோ பெரும்பாலும் அவற்றில் பாதிகூட வராது.

பல பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதில் இருக்கும் பெரிய விஷயம் கட்டண விலக்கு. 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டமும் 2006இல் வந்த விதிகளும் இதைப் பெற்றோரின் உரிமையாக வைத்திருக்கின்றன. கணக்கு இதுதான்: ஒரு பிள்ளையின் ஆண்டுக் கட்டணத்தையும் பள்ளி கேட்கும் கூடுதல் தொகையையும் கூட்டி, தாய் தந்தை இருவரின் வரிக்கு முந்தைய ஆண்டு வருமானத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். விடை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு விலக்கு. ஒரே பிள்ளை உள்ளவருக்கு 2க்குக் கீழே வந்தால் எதுவும் இல்லை. நடுவில் இருந்தால் பகுதி விலக்கு. கட்டணப் பள்ளிகளில் படிக்கும் உங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக் கூட விலக்கின் சதவீதமும் கூடும். வருமானம் 6,00,000, கட்டணம் 45,000 என்றால் விடை 7.5, பகுதி விலக்குக்குள் வருகிறீர்கள். படிவத்தைப் பள்ளியே தர வேண்டும். பள்ளி நிர்வாகக் குழு மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் பாக்கி என்று அரசுப் பள்ளி மதிப்பெண் அறிக்கையை நிறுத்தி வைக்க முடியாது. தனியார் பள்ளிக்கு இந்த விலக்கு விதிகள் எதுவும் பொருந்தாது. அங்கே பர்ஸரின் மனசும் உதவித்தொகைக் குழுவின் முடிவும்தான்.

ஜொஹானஸ்பர்க் இருக்கும் கௌதெங் மாகாணத்தில் கிரேடு 1க்கும் கிரேடு 8க்கும் விண்ணப்பம் ஆண்டின் நடுவில் இணையத்தில் திறக்கும். வீட்டு முகவரியைப் போலவே உடன்பிறந்தவர் அதே பள்ளியில் படிப்பதும் ஓர் அளவுகோல். மூத்தவருக்கு இடம் கிடைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி திறக்கும். அதனால் வாடகை வீடு தேடும்போதே பள்ளியின் எல்லையைப் பார்த்து வீடு பாருங்கள். வாடகை 2,000 ரேண்ட் கூடினாலும் மூன்று பிள்ளைக் கணக்கில் அது திரும்பி வந்துவிடும்.

டர்பன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள், அரசு தங்கள் பிள்ளைகளுக்குப் போதுமான பள்ளி கட்டாத காலத்தில் தாங்களே காசு சேர்த்து, அரசு உதவியையும் வாங்கிப் பள்ளிகளைக் கட்டினார்கள். கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் பிறந்து, இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்திருந்த சீனிவாச சாஸ்திரியாரின் முயற்சியிலும் இந்தியச் சமூகத்தின் நன்கொடையிலும் எழுந்த சாஸ்திரி கல்லூரி என்ற உயர்நிலைப் பள்ளி 1929இல் திறந்தது. டர்பனின் இந்தியக் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள பள்ளிகளைத் தள்ளிவிட்டு உம்ஷ்லாங்காவின் தனியார் பள்ளிகளுக்கு மட்டும் விண்ணப்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்தப் பகுதிச் சங்கங்களின் ஆட்களிடம் விசாரித்தால் எந்தத் தலைமையாசிரியர் பள்ளியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார் என்று ஒளிக்காமல் சொல்வார்கள்.

கலந்து செய்வதும் உண்டு. நாங்கள் கடைசியில் செய்தது அதுதான்: தொடக்க நிலைக்குக் கட்டண அரசுப் பள்ளி, கிரேடு 10 முதல் தேவைப்பட்ட பாடத்துக்காக ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியார். அதற்கு முன் மூன்று பேரையும் உட்கார வைத்து ஏன் என்று சொன்னோம். ஒருவருக்கு மட்டும் செலவு செய்கிறோம் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் விழுந்துவிட்டால் அதை எடுப்பது கஷ்டம்.

குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் இருக்கிறது, லாப நோக்கில்லாத பள்ளியாக இருந்தால். மாகாணம் ஒரு மாணவருக்குச் செலவிடும் சராசரியில் பாதி வரை கட்டணம் வாங்கும் பள்ளிக்கு அந்தச் சராசரியில் 60 சதவீதம், அதற்கு மேல் போகப்போக 40, 25, 15 என்று குறைந்து, இரண்டரை மடங்கைத் தாண்டினால் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட பள்ளியில் சேர்க்கும்போது மானியம் உண்டா என்று கேளுங்கள். அது நின்றால் அந்தத் தொகை உங்கள் தலையில்தான் விழும்.

கட்ட முடியாத மாதம் வந்தால்

வேலை போகலாம், உடம்புக்கு வரலாம். வங்கியிலிருந்து தானாகக் கட்டணம் பிடிக்கும் டெபிட் ஆர்டர் பணமில்லாமல் திரும்பும் வரை காத்திருக்காதீர்கள். திரும்புவதற்கு முந்தைய வாரமே பர்ஸருக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் மூன்றே விஷயம் இருக்கட்டும்: என்ன நடந்தது, இந்த மாதம் எவ்வளவு கட்ட முடியும், மீதி எந்தத் தேதிகளில். தொகை சிறிதாக இருந்தாலும் சொன்ன தேதியில் போய்ச் சேர வேண்டும். தனியார் பள்ளிதானே, நினைத்தவுடன் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 2020 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் பிரிட்வின் பள்ளி வழக்கில், பிள்ளையின் நலனை எடைபோடாமலும் பெற்றோர் தரப்பைக் கேட்காமலும் தனியார் பள்ளி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு கட்டணப் பாக்கி பற்றியதல்ல, தந்தையின் நடத்தை பற்றியது. ஆனாலும் உங்கள் தரப்பைச் சொல்ல உங்களுக்கு இடம் உண்டு என்பது அதில் தெளிவு.

பாக்கி இரண்டு தவணையைத் தாண்டும் என்று தெரிந்தால், அப்போதே விலகல் அறிவிப்பை எழுதி அனுப்பிவிட்டுப் பக்கத்து அரசுப் பள்ளிக்கு விண்ணப்பியுங்கள். நிலைமை தேறினால் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியுமா என்று அதே கடிதத்தில் கேட்டு வையுங்கள். எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அப்படிக் கேட்டு, இரண்டு மாதத்தில் புது வேலை கிடைத்ததும் பிள்ளைகளை அதே வகுப்பில் தொடர வைத்தது.